குளோக்கன்ஷ்பீல்: மணித்தரங்கம் எனலாமா?

உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியமான குளோக்கன்ஷ்பீலுக்குத் தமிழில் 'மணி விளையாட்டு' என்று போடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். ஜெர்மனில் ஷ்பீல் என்றால் விளையாட்டுதான், சரி. ஆனால் வாத்தியம் வாசிப்பதற்கும் அவர்களுக்கு அதே வினைதான், நமக்கோ விளையாடுவது வேறு, வாசிப்பது வேறு. அதைவிட முக்கியமான விஷயம், அந்தச் சொல்லுக்குத் தொகுதி, செட் என்ற பொருளும் உண்டு: ஒரு கட்டுச் சீட்டை 'ஐன் ஷ்பீல் கார்ட்டன்' என்பார்கள், காலுறை பின்னுகிற ஐந்து ஊசி செட்டுக்குப் பெயர் 'நாடல்ஷ்பீல்'. ஆக, குளோக்கன்ஷ்பீல் என்பது மணிகளின் தொகுதி.

முன்பாதியான குளோக்க என்றால் மணி; அது ஐரிஷ் துறவிகள் கைமணியோடு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன கெல்ட்டியச் சொல் என்பதே பலரும் ஏற்கிற கருத்து. ஆங்கிலத்தில் கடிகாரத்தைக் குறிக்கும் கிளாக்கும் அதன் உறவுதான். நம் மணியும் ஆலயத்தில் அடிப்பது, நேரத்தைச் சொல்வது என்று இரண்டு வேலையும் பார்க்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

இசைக்குழுவில் இருப்பதில் மணியே இல்லையே என்ற கேள்வி நியாயமானது. பியானோ கட்டைகளைப் போல இரண்டு வரிசையாக எஃகுப் பட்டைகள், கெட்டித் தலையுள்ள கோலால் தட்டினால் எழுதிய சுரத்துக்கு இரண்டு ஸ்தாயி மேலே கணீரென்று கேட்கும். ஆனால் முனிச் புது நகர்மன்றக் கோபுரத்தில் 43 நிஜ மணிகள் தொங்குகின்றன, அதற்கும் இதே பெயர்தான். 1791-இல் மோட்சார்ட் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் பாப்பகேனோ என்ற பாத்திரத்தின் மாய மணிகளுக்கு எழுதியதும் இந்தப் பட்டை வாத்தியத்தின் விசைப்பலகை வகைக்கே. மணி பட்டையான பிறகும் ஜெர்மானியர் பெயரை மாற்றவில்லை, நாமும் மாற்ற வேண்டாம்.

அப்புறம் பின்பாதி, ஷ்பீலுக்குத் தரங்கம். தரங்கம் என்றால் அலை, ஜலதரங்கத்தில் அது நேராகவே பொருந்துகிறது. ஆனால் தபலாதரங்கம், மிருதங்கதரங்கம் என்று வந்தபோது தண்ணீரும் இல்லை, அலையும் இல்லை. சுருதி சேர்த்து வரிசையாக வைத்துத் தட்டி வாசிக்கும் தொகுதி என்ற பொருளே மிஞ்சியது. ஷ்பீல் இங்கே செய்கிற வேலையும் அதேதான். வடசொல் வேண்டாம் என்பவர்களுக்கு 'மணியடுக்கு' இருக்கிறது, அதில் பிழையில்லை, ஆனால் வாத்தியம் என்று காதில் விழவில்லை. மேடையில் இருப்பவர்கள் நாளை எடுத்துப் பயன்படுத்த வேண்டுமானால் மணித்தரங்கம்தான் என் தேர்வு. கோபுரத்தில் இருப்பதைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் 'கோபுர மணித்தரங்கம்' என்று எழுதலாம். மரக்கட்டை வைத்த சைலபோனுக்கும் காஷ்டதரங்கம் என்ற சொல் பக்கத்திலேயே இருக்கிறது.