மறு: தண்டர்கிளாப் ஹெடேக்குக்குத் தமிழ்

வணக்கம்.

நம் குழு எழுதும் மூளை நாடிப் புடைப்புத் துண்டுப்பிரசுரத்தில் இன்னும் ஒரு சொல்தான் இழுபறியில் கிடக்கிறது. நாடியின் சுவர் பலூன்போல வீங்கிய அந்தப் புடைப்பு வெடித்து மூளையைச் சுற்றி இரத்தம் பாயும்போது வருகிற அந்தத் தலையிடி. ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் இடிமுழக்கத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். குழுவில் முதலில் வந்த மொழிபெயர்ப்பு "இடித் தலையிடி".

சென்னை நண்பர்களுக்கு இதில் சிரிப்பு வராது, அவர்களுக்கு அது தலைவலி. கொழும்பில் எங்களுக்கு எல்லாமே தலையிடிதான். மழையில் நனைந்தாலும் இடி, காலி வீதி ட்ராபிக்கில் நின்றாலும் இடி. முன்னால் இன்னொரு இடியைப் போட்டால் யாருக்கு உறைக்கும்?

"வெடித் தலையிடி"யும் சரிவராது. ட்யூஷன் முடிந்து வரும் ஒவ்வொரு நாளும் என் மகளுக்குத் தலை வெடிக்கிறது. "மின்னல் தலையிடி" எனக்குப் பிடித்திருந்தது, வேகம் அதில் இருக்கிறது. ஆனால் மைக்ரேன்காரர் சிலருக்குக் கண்ணில் மின்னல் அடிக்கும்; அது தங்கள் வருத்தம்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். நல்ல உவமையையெல்லாம் சாதாரணத் தலையிடிக்கே செலவழித்துவிட்டோம்.

வெள்ளவத்தையில் என் பெரியம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது, பிடரியில் யாரோ அடித்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்த்திருக்கிறார். பின்னால் ஃப்ரிட்ஜ்தான் நின்றது. இரண்டு பனடோல் போட்டுப் படுத்துக்கொண்டார். பின்னேரம் ஒரு டிஸ்பென்சரியில் "தலையிடி" என்று சொன்னோம், தலையிடிக்கு மருந்து தந்தார்கள். மறுநாள் சத்தி, கழுத்தைக் குனிய முடியவில்லை. அப்புறம்தான் சி.டி. ஸ்கேன். தொடை நாடி வழியாகக் குழாய் விட்டு, புடைப்புக்குள் பிளாட்டினச் சுருள்களை வைத்து அடைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். எப்படி வந்தது என்று பிறகு கேட்டபோது பெரியம்மா இடியும் சொல்லவில்லை, மின்னலும் சொல்லவில்லை. "சடுதியா வந்தது பிள்ளை" என்றார்.

ஆகவே என் முன்மொழிவு: சடுதித் தலையிடி. "சடுதி மரணம்" பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிற சொல். அந்தப் பயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டால் நல்லதுதான். தமிழ்நாட்டில் "சடுதித் தலைவலி" என்று எழுதலாம், சந்தி கூட மாறாது.

— — —

தம்பி,

சொல் நல்லது. போன கிழமை ஒருவர் எழுதிய "குருதிப்பெருக்குத் தலையிடி" மட்டும் வேண்டவே வேண்டாம். இப்படி வருகிற எல்லாத் தலையிடியும் குருதிப்பெருக்கு அல்ல, மூளை நாடிகள் சுருங்கினாலும் வரும். அறிகுறிக்கு நோயின் பெயரைச் சூட்டினால், ஸ்கேனில் ஒன்றும் இல்லாத ஆள் வீட்டுக்குப் போய் எங்களைத்தான் திட்டுவார்.

ஒரு குறை. சடுதி தொடக்கத்தைத்தான் சொல்கிறது, கடுமையைச் சொல்லவில்லை. அதைக் கீழ்வரியில் எழுதுங்கள். நேரமும் வேண்டும்: தலையிடி தொடங்கி 6 மணித்தியாலத்துக்குள் ஸ்கேன் எடுத்தால் கசிந்த இரத்தம் அநேகமாகத் தப்பாது, நாள் போகப்போக மங்கிவிடும். வெடித்த புடைப்பு மறுபடி வெடிக்கும் ஆபத்தும் முதல் 24 மணித்தியாலத்தில்தான் அதிகம். டிஸ்பிரின், அதாவது அஸ்பிரின், போடக்கூடாது என்பதையும் சேருங்கள். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும்.

— — —

டொக்டர், நன்றி. இப்போது வரி இப்படி நிற்கிறது:

"சடுதித் தலையிடி: ஒரு நிமிடத்துக்குள் உச்சம் தொடும், வாழ்க்கையில் இதற்கு முன் வராத வலி. டிஸ்பிரின் போட வேண்டாம். படுத்துப் பார்க்கவும் வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், 6 மணித்தியாலத்துக்குள் ஸ்கேன்."

தடுப்புப் பகுதியில் சிகரெட்டும் பிரஷரும் முன்போலவே இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் "குருதியமுக்கம்" என்று இருப்பது எனக்கும் தெரியும். பெரியம்மாவுக்கு அது பிரஷர்தான், அப்படியே விட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. சண்டைக்கு வருகிறவர்கள் அதற்குள் வரவும்.