இரண்டு இருக்கை விமானம், 100 குதிரைத்திறன்: எந்த எஞ்சின்?

தகரப்பறவை:
நானே கட்டும் விமானத்தில் இறக்கை முடிந்துவிட்டது, உடல் பாதியில் நிற்கிறது. இரண்டு இருக்கை, அதிகபட்ச எடை 600 கிலோ. எஞ்சினை முடிவு செய்யாமல் இனி மூக்குப் பக்கம் கை வைக்க முடியாது. 80 முதல் 100 குதிரைத்திறன் போதும், எடை மட்டும் ஏறக்கூடாது என்கிறது வரைபடம். கையில் மூன்று வழி: ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் என்ற சிறுவிமான எஞ்சின், முழுக்கப் பிரித்துப் புதுப்பித்த கான்டினென்டல் ஓ-200 விமான எஞ்சின், அல்லது சுபாரு இஏ81 கார் எஞ்சின். சுபாரு ஏற்கெனவே ஷெட்டில் கிடக்கிறது, அதனால் மனசு அந்தப் பக்கம் சாய்கிறது. தடுப்பவர்கள் தடுக்கலாம்.

ஸ்பேனர்17:
எதற்குத் தடுக்க வேண்டும்? படுத்த நாலு சிலிண்டர், அலுமினிய பிளாக், உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். அமெரிக்காவில் பீட்டன்போல் 1929இல் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினைப் பூட்டித்தானே தான் கட்டிய ஏர் கேம்ப்பர் விமானத்தைப் பறக்கவிட்டார்? "விமான எஞ்சின்" என்று பெயர்ப் பலகை இருந்தால்தான் பறக்கும் என்பது பயமுறுத்தல்.

மேக்னெட்டோ:
ஃபோர்டு உதாரணம் உங்களுக்கே எதிராகப் போகும். அந்த எஞ்சின் மெதுவாகச் சுற்றி ப்ரொப்பெல்லரை நேரடியாக ஓட்டியது, நடுவில் கியர் கிடையாது. சுபாரு தன் சக்தியைத் தருவது 5000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5000 சுற்று) பக்கத்தில். 1.7 மீட்டர் ப்ரொப்பெல்லரை அந்த வேகத்தில் நேராகச் சுற்றினால் முனை நொடிக்கு 445 மீட்டர் போகும், ஒலியை விட வேகம். சத்தம்தான் வரும், இழுவை வராது. ஆக கியரோ பெல்ட்டோ போட்டு வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கும். காரில் அந்த உதையை ஃப்ளைவீலும் கிளட்ச் ஸ்பிரிங்கும் வாங்கிக்கொள்ளும். இங்கே ஷாஃப்ட்டின் மறுமுனையில் கனமான ப்ரொப்பெல்லர், அது சட்டென்று வேகம் மாற மறுக்கும். இரண்டுக்கும் நடுவே ஷாஃப்ட் முறுக்கி முறுக்கித் தளரும். ஏதோ ஒரு ஆர்பிஎம்மில் இந்த முறுக்கு அதிர்வு ஒத்திசைவுக்கு வந்து பெருகிக்கொண்டே போனால் கியர் பல்லோ ஷாஃப்ட்டோ உடையும். காதுக்கு முன்கூட்டியே எதுவும் கேட்காது.

ஸ்பேனர்17:
அப்படியென்றால் ரோட்டாக்ஸிலும் கியர்தானே? அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

நாலுசிலிண்டர்:
நியாயமான கேள்வி, ரோட்டாக்ஸ்காரன் நானே சொல்கிறேன். யுஎல்எஸ்ஸில் 2.43:1 கியர். எஞ்சின் 5800 சுற்றினால் ப்ரொப்பெல்லர் சுமார் 2390. ஆனால் அந்த கியர்பாக்ஸுக்குள்ளேயே முறுக்கு அதிர்ச்சியை வாங்கும் அமைப்பு இருக்கிறது. கிராங்க்‌ஷாஃப்ட் செய்தவரே அதையும் செய்தார், இரண்டையும் சேர்த்தே சோதித்தார். உங்கள் சுபாருவுக்கு அந்தக் கணக்கைப் போட்டது யார்?

மேக்னெட்டோ:
ரோட்டாக்ஸையும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க மாட்டேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்ற வேண்டும். இரண்டு கார்புரேட்டரும் ஒத்துப்போகாவிட்டால் ஐடிலில் நடுங்கும், அந்த நடுக்கம் நேராக கியருக்குப் போகும். சிலிண்டர் ஹெட்டுக்குத் தண்ணீர், அதற்கொரு ரேடியேட்டர். ஓ-200இல் இது எதுவும் இல்லை. 3.3 லிட்டர், 2750 ஆர்பிஎம்மில் 100 குதிரைத்திறன், காற்றே குளிர்விக்கும். பேட்டரி செத்தாலும், எஞ்சின் சுழற்சியிலேயே மின்சாரம் எடுக்கும் மேக்னெட்டோ தீப்பொறி தரும்.

நாலுசிலிண்டர்:
அண்ணே, ரோட்டாக்ஸின் இரட்டைப் பற்றவைப்புக்கும் பேட்டரி வேண்டாம், அதற்கென்று தனிச் சுருள் உண்டு. உங்கள் ஓ-200 கார்புரேட்டரில் பனி கட்டுவதில் பெயர்போனது, அதைச் சொல்லவில்லையே. எடையையும் பாருங்கள். ரேடியேட்டரும் எண்ணெய்த் தொட்டியும் தவிர்த்தால் ரோட்டாக்ஸ் 60 கிலோவை ஒட்டித்தான். ஓ-200 அதைவிட நன்றாகவே கனம்.

மேக்னெட்டோ:
பனியை உருக்க, கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பும் கைப்பிடி இருக்கிறது, இழுக்க மறந்தால் எஞ்சின் என்ன செய்யும்? எரிபொருளுக்கு வாருங்கள். ஓ-200இன் அழுத்த விகிதம் 7:1, ஆக்டேன் குறைந்த பெட்ரோலுக்கே வடிவமைத்தது. யுஎல்எஸ்ஸுக்குக் குறைந்தது 95 ஆக்டேன் வேண்டும். விமானப் பெட்ரோல் ஊற்றினால் அதிலுள்ள ஈயம் எண்ணெயில் கலந்து கியர்பாக்ஸில் படியும், எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும்.

நாலுசிலிண்டர்:
ஈயம் பற்றிச் சொன்னது சரி. 95 கிடைக்காத இடத்தில் 80 குதிரைத்திறன் 912 போதும், அது 90 ஆக்டேனிலும் ஓடும்.

ஸ்பேனர்17:
கார் எஞ்சின் நடுவானில் உடைந்து நின்றது என்று ஒருவரும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? கார் கம்பெனிகள் எஞ்சினை முழுத் திறனில் நாள்கணக்கில் ஓட்டிச் சோதிக்கிறார்கள்.

மேக்னெட்டோ:
எஞ்சின் உடையாது என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீர்க் குழாயின் கிளிப், பெட்ரோல் பம்ப்பின் வயர், நீங்களே வெல்டிங் செய்த எக்ஸாஸ்ட், இதெல்லாம்? அவற்றைக் கம்பெனி சோதிக்கவில்லை, நீங்கள்தான் முதல் சோதனையாளர். அமெரிக்காவில்கூட, சொந்தமாகக் கட்டிய விமானத்தில் சான்று பெற்ற எஞ்சின்–ப்ரொப்பெல்லர் ஜோடிக்கு 25 மணிநேரச் சோதனைப் பறப்பு வழக்கம், மற்றவற்றுக்கு 40. சும்மாவா வைத்திருக்கிறார்கள்?

தகரப்பறவை:
நேற்று இரவு சுபாருவுக்கு கியர் விற்பவரிடம் முறுக்கு அதிர்வை அளந்த தாள் உண்டா என்று கேட்டேன். "இதுவரை யாரும் குறை சொன்னதில்லை" என்று பதில் வந்தது. அது அளந்து சொன்ன பதில் இல்லையே. சுபாரு வேண்டாம். ஓ-200ஆ ரோட்டாக்ஸா என்பதில் எடைப்புள்ளிதான் (விமானத்தின் மொத்த எடை சமநிலையில் நிற்கும் இடம்) உறுத்துகிறது. ரோட்டாக்ஸ் இலகு என்பதால், அதை இன்னும் முன்னால் தள்ளி வைக்க மூக்கு நீளுமா?

நாலுசிலிண்டர்:
நீளும். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் வாங்குமுன் பேட்டரியை ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புச் சுவர்) முன்னால் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒருவர் மட்டும் அமர்ந்து தொட்டி காலியாக இருக்கும் நிலை, இருவரும் பின்பெட்டியும் நிறைந்த நிலை, இரண்டையும் பாருங்கள். ரேடியேட்டர் எடையை விட்டுவிடாதீர்கள், எல்லோரும் விடுவது அதைத்தான்.

மேக்னெட்டோ:
அதே தாளில் ஓ-200க்கும் போட்டுப் பாருங்கள் தம்பி. கனம் உங்களுக்குச் சாதகமாகக்கூட இருக்கும்.

ஸ்பேனர்17:
நான் மசியவில்லை. அந்த சுபாருவை விற்பதாக இருந்தால் எனக்கு முதலில் சொல்லுங்கள்.