முத்தையன்கட்டுக் குளம்: கடல் தெரியும், குளம் தெரியாது. எங்கே தொடங்குவது?

வடமராட்சிக் கரையான்:

வணக்கம். நான் பருத்தித்துறைப் பக்கம். போன மாதம் இடமாற்றம் கிடைத்து முல்லைத்தீவுப் பக்கம் ஒட்டுசுட்டானுக்கு வந்திருக்கிறேன். சனி ஞாயிறு அறைக்குள் கிடக்காமல் முத்தையன்கட்டுக் குளத்தில் தூண்டில் போடலாம் என்று யோசனை. சின்ன வயதிலிருந்து கடலில் போட்டுப் பழகிய கைதான். ஆனால் கடலென்றால் வற்று, பெருக்கு, நீரோட்டம் என்று பார்க்க ஏதோ இருக்கும். குளத்தில் எதைப் பார்ப்பது?

போன சனிக்கிழமை ஒரு தரம் போனேன். குளக்கட்டின் நடுவில் நின்று மூன்று மணித்தியாலம் எறிந்தேன். விரல் நீளத்தில் இரண்டு கெண்டை. நாலு தூண்டில் முள் போய்விட்டது. சைக்கிளில் போன ஒரு பொடியன் நின்று பார்த்துவிட்டு, "அண்ணை, அது மீன் இல்லை, கல்லு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

என்னிடம் இருப்பது றீல் தடி, 30 இறாத்தல் தங்கூசி (நைலோன் நரம்பு), பெரிய முள். இரைக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த இறால். எந்த இடம், எந்த நேரம், என்ன இரை? முதலை இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பேராற்றங்கரை:

தம்பி, வெளியூரிலிருந்து வருகிற எல்லாரும் செய்கிற பிழைதான் இது. குளக்கட்டு உயரமாக, நடக்க வசதியாக இருக்கும். நேரே போய் அதன் நடுவில் நிற்பார்கள். அலை அரிக்காமல் இருக்கக் கட்டின் உட்பக்கம் முழுக்கக் கல் அடுக்கியிருக்கிறது. அதற்குள் போன முள் திரும்பாது. பொடியன் சொன்னது சரி.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது, இந்தக் குளத்தைச் சுற்றியே வளர்ந்தவன். அப்படியிருந்தும் வவுனிக்குளத்துக்கோ பாவற்குளத்துக்கோ புதிதாகப் போனபோது முதல் நாள் தூண்டில் கொண்டு போகவில்லை. தூண்டில் கையில் இருந்தால் கண் தக்கையை விட்டு அசையாது. பிறகு குளத்தை எப்போது பார்ப்பது?

இப்போது ஆவணி. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டு விட்டுக் குளம் நன்றாக இறங்கியிருக்கிறது. புதிய ஆளுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. தையில் குளம் நிரம்பி நிற்கும்போது மீன் எங்கே கிடக்கும் என்பதை இப்போது நடந்தே பார்த்துவிடலாம். கட்டை விட்டு இறங்கி அலைகரைப் பக்கம், அதாவது கட்டு இல்லாத சரிவான கரைப் பக்கம் போங்கள். மாரியில் தண்ணீருக்குள் தாண்டு கிடக்கும் மரக்குற்றிகள் இப்போது வெளியே நிற்கும். மழைத் தண்ணீர் வந்து இறங்கும் வாய்கள் தெரியும். குளம் கட்டுவதற்கு முன் பேராறு ஓடிய பள்ளம் எந்தப் பக்கம் போகிறது என்றும் ஓரளவு பிடிபடும். கரையில் ஒரு மருதமரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கடலில் கோயில் கோபுரத்தையும் பனையையும் நேர் பிடித்து இடம் குறிப்பீர்கள்தானே, அதே வேலை.

தண்ணீர் வற்றிய சேற்றில் சாப்பாட்டுக் கோப்பை அகலத்தில் வட்டக் குழிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். யாரோ அச்சுக் குத்திய மாதிரி இருக்கும். அது யப்பான் மீனின் (திலாப்பியா) வேலை. ஆண் மீன் குழி கிண்டும். பெண் அதில் முட்டை இட்டு, பிறகு வாய்க்குள் எடுத்து அடைகாக்கும். குழி கிடக்கும் இடம் மண் இளகின, ஆழம் குறைந்த இடம். தண்ணீர் மறுபடியும் அந்த அளவுக்கு ஏறும்போது அங்கே போடுங்கள். (யப்பான் என்கிறோமே தவிர அது ஆப்பிரிக்கா மீன். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பெயர் எப்படி ஒட்டியதோ.)

விராலுக்குக் கண்ணை விடக் காது முக்கியம். விடியற்காலை தாமரை, புல் அடர்ந்த ஓரத்தில் சத்தம் போடாமல் குந்தியிருங்கள். காற்றுக் குடிக்க அது மேலே வந்தே ஆகவேண்டும். 'ளொப்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அதே இடத்துக்குக் கிட்ட மறுபடியும் வரும். தண்ணீர் மேல் செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாகக் கொதித்துக்கொண்டு திரிந்தால் அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த நேரம் எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும் என்று சிலர் அதையே தேடித் திரிவார்கள். எனக்கு அது பிடிக்காது. நீங்களும் செய்ய வேண்டாம்.

நேரம் என்றால் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. பத்து மணி தாண்டினால் கச்சான் (தென்மேற்குக்) காற்றுத் தூக்கி அடிக்கும், தக்கை அசைவது மீனாலா அலையாலா என்று தெரியாது.

முதலை இருக்கிறது. ஈரச் சேற்றில் நடுவே வால் இழுத்த கோடும் இரண்டு பக்கமும் கால் அடையாளமும் கண்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கடலில் போல முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நிற்கிற பழக்கம் இங்கே சரிவராது. முள் சிக்கினால் தங்கூசியை அறுத்து விடுங்கள், எடுக்க இறங்க வேண்டாம். மீனைக் கரையில் வெட்டிக் கழுவவும் வேண்டாம். ஆனால் எனக்கு முதலையை விட யானைக்குத்தான் பயம். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு அலைகரை அதன் இடம். புது லத்தி கண்டால் தடியைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள்.

இன்னொன்று, இது வன்னி. மிதிவெடிச் சிவப்புப் பலகை நிற்கிற பக்கம் போகவே கூடாது. பலகை இல்லாத இடத்திலும் ஆள் நடக்கிற தடத்தை விட்டு விலக வேண்டாம். தண்ணீர் இறங்கிய சேற்றில் துருப்பிடித்த இரும்பு எது கிடந்தாலும் காலால்கூடத் தட்ட வேண்டாம். பொலிஸுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள்.

வலைக்காரன்:

அண்ணை சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூண்டில் இல்லாமல் ஒருவர் அலைகரையில் சும்மா நடந்து படம் எடுத்தால் எங்கள் ஆட்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். தடியைத் தோளில் போட்டுக்கொண்டு போங்கள், வந்த வேலை என்ன என்று எல்லாருக்கும் விளங்கும். போடாமல் விட்டால் சரி.

நாங்கள் பின்னேரம் வலை விட்டு விடியப்புறம் எடுக்கிறோம். வெற்றுப் போத்தல் வரிசையாக மிதந்தால் கீழே வலை இருக்கிறது. அதைச் சுற்றி றீல் எறிய வேண்டாம். ஒரு முள் ஏறினால் அரை நாள் பொத்த வேண்டும். முதல் நாள் வள்ளங்கள் ஏற்றி வைத்திருக்கும் இடத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். ரோகு, கட்லா குஞ்சுகள் விட்டு வளர்க்கிற குளம் இது, எப்போது எங்கே விட்டது என்று எங்கள் மீனவர் சங்கத்தில் கேட்டால் சொல்வோம். தூண்டில்காரரோடு எங்களுக்குச் சண்டை இல்லை. தங்கூசி வலையைக் கொண்டு வந்தால்தான் கதை வேறு, அது சட்டப்படியே தடை.

இறாலைக் கறி வையுங்கள். குளத்துக்கு நாக்கிளிப்புழு (மண்புழு), இல்லாவிட்டால் பாணைப் பிசைந்து சின்ன உருண்டை. 30 இறாத்தல் தங்கூசி கயிறு மாதிரி, 8 போதும். முள்ளும் சின்னதாக வேண்டும், யப்பானுக்கு வாய் சின்னது.

இரணைமடுப் பிள்ளை:

அண்ணா, நான் தூண்டில் போடுவதில்லை, ஆனால் இரணைமடுக் குளக்கட்டுக்குக் கீழே வயல் உள்ள வீடு. இரண்டு விஷயம்.

குளிக்கிற துறைகளில் பின்னேரம் பெண்கள் வருவோம். அங்கே தடியோடு நிற்காதீர்கள். யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் அடுத்த தரம் ஊரில் ஒருவரும் உங்களுக்கு வழி சொல்லவும் மாட்டார்கள்.

இப்போது தேவையில்லாவிட்டாலும் மாரிக்கு ஞாபகம் வையுங்கள்: குளம் நிரம்பி மிகைநீர் வெளியேறும் வான் பாயும்போது எதிர்த்து ஏறுகிற மீனைப் பிடிக்கக் கீழே சனம் குவியும். நீங்கள் போக வேண்டாம். 2018 மார்கழி வெள்ளத்தில் ஒரே இரவில் தண்ணீர் எப்படி வந்தது என்று பார்த்தவள் நான். எங்கள் இரணைமடுக் குளம் நிரம்பினால் 36 அடி. கதவு இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் கீழே நிற்கிறவருக்குத் திரும்பி ஓட நேரம் இருக்காது.

காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் இருக்கிறது.

வடமராட்சிக் கரையான்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று விடிய ஆறு மணிக்குப் போனேன். வலைக்காரன் சொன்னபடி தடி தோளில், பேராற்றங்கரை அண்ணை சொன்னபடி முள் கட்டவில்லை.

குழிகளைக் கண்டேன். ஒரு திட்டில் மட்டும் நாற்பத்தொன்று எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். வள்ளத்திலிருந்து வலை இறக்கிக்கொண்டிருந்த ஒரு ஐயா என் தடியைப் பார்த்துவிட்டு, "முள்ளு எங்கை?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, குற்றிகள் நிற்கிற இடத்தைக் கையால் காட்டினார். அங்கே குந்தியிருந்தபோது அந்த 'ளொப்' கேட்டது. இரண்டாம் தரமும் அதே இடம், ஒரு முழம்கூட விலகவில்லை. கை துருதுருத்தது.

வரும்போது ஐயா இரண்டு யப்பான் தந்துவிட்டார், காசு வாங்கவில்லை. ஞாயிறு போடப் போகிறேன். ஆனால் நான் இருக்கும் வளவு முழுக்கக் கிரவல், புழு ஒன்றும் இல்லை. நாக்கிளிப்புழு எங்கே கிண்டலாம்?

பேராற்றங்கரை:

வாய்க்கால் ஓரம் யாருடைய வாழைத் தோட்டம் என்றாலும் சரி, கழிவுத் தண்ணீர் ஓடுகிற இடத்தில். கேட்டுவிட்டுக் கிண்டுங்கள். மண்வெட்டி கொண்டு போனால் இரண்டு பாத்தி கொத்தித் தரச் சொல்வார்கள், சிரட்டையோடு போங்கள்.