தாத்தா நட்சத்திரமாகிவிட்டாரா என்று மகள் கேட்கிறாள், என்ன சொல்வது?

மழலைத்தாய்:

மகளுக்கு 7 வயது. எனக்கும் கணவருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. "அப்படித்தான், கேட்காதே" என்று நாங்கள் அவளிடம் எதையும் முடித்துவைப்பதில்லை. போன மாதம் என் அப்பா இறந்துவிட்டார். என் அம்மா அவளை மடியில் வைத்துக்கொண்டு, "தாத்தா நட்சத்திரமாகி உன்னையே பார்த்துக்கிட்டிருக்கார்" என்றார். அன்று இரவு ஜன்னலோரம் நின்று எது தாத்தா என்று தேடிக்கொண்டிருந்தாள். என்னிடமும் கேட்டாள். நட்சத்திரம் என்பது சூரியனைப் போல ஒரு வாயுக்கோளம் என்று ஆரம்பித்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப தாத்தா எங்கேயுமே இல்லையா?" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் இன்னொன்று. கூடப் படிக்கும் பிள்ளையிடம், "சாமியெல்லாம் பொய், எங்கம்மா சொல்லிட்டாங்க" என்று சொல்லி அழவிட்டிருக்கிறாள். அந்த வார்த்தையை நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் என்னைக் கலங்கவைத்தது "எங்கம்மா சொல்லிட்டாங்க" என்பதுதான். கேள்வி கேட்கிற பிள்ளையாக வளர்க்கிறோம் என்று நினைத்திருந்தேன். அவளோ என் பேச்சை வேதவாக்காக வைத்திருக்கிறாள். எங்கே தவறினேன்?

இருபிள்ளைத்தகப்பன்:

உங்கள் அப்பாவின் இழப்புக்கு வருந்துகிறேன். முதல் கேள்விக்கு மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

என் அம்மா இறந்தபோது பெரியவனுக்கு 6 வயது. "பாட்டி தூங்குறாங்க" என்று சொல்லிவிட்டோம். அப்புறம் இரண்டு வாரம் அவன் படுக்கவே பயந்தான். கடைசியில் உட்காரவைத்து நேராகச் சொன்னேன்: பாட்டியின் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, மூச்சு இல்லை, இனி வலியும் இல்லை, திரும்பி வரமாட்டார். அழுதான். ஆனால் அன்று தூங்கினான்.

"எங்கேயுமே இல்லையா" என்று அவனும் கேட்டான். நம் உடம்பை வளர்க்கிற மரபுக் குறிப்பில் ஏறக்குறைய கால்பங்கு ஒவ்வொரு தாத்தா பாட்டியிடமிருந்தும் வருகிறது என்றேன். பாட்டியின் பழைய போட்டோவை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவன், காது மடலை இழுத்து இழுத்துப் பார்த்தான். அரை மணி நேரம் கழித்து, "காது பாட்டியோடது, மூக்கு இல்லை" என்று வந்து சொன்னான். இது கட்டுக்கதை இல்லை, ஆறுதலாகவும் இருந்தது.

உங்கள் அம்மாவைத் திருத்தப் போகாதீர்கள். கணவரை இழந்து ஒரு மாதம்தான் ஆகிறது. "அது பாட்டி நினைக்கிறது. அம்மா நினைக்கிறது வேற" என்று பிள்ளையிடம் சொன்னால் போதும். ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாக நினைக்கலாம் என்பது பிள்ளைகளுக்கு எளிதாகப் புரிகிறது.

வெண்கட்டி:

22 வருடமாக அறிவியல் ஆசிரியை. உங்கள் இரண்டாவது கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனை தெரியுமல்லவா? சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். "ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது" என்றுதான் பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். தண்ணீரும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு ஏறினால் கணக்கு பொருந்தியது போலவே இருக்கும். ஒருநாள் ஒரு மாணவி, "மூணு மெழுகுவர்த்தி வச்சா?" என்றாள். வைத்தோம். தண்ணீர் இன்னும் மேலே ஏறியது. "டம்ளர் அதேதான் டீச்சர், ஆக்சிஜனும் அதே அளவுதானே?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை நானே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்போரம் குமிழிகள் வெளியேறுகின்றன. தண்ணீர் சட்டென்று ஏறுவது சுடர் அணைந்த பிறகுதான். சூட்டில் விரிந்த காற்று கொஞ்சம் வெளியே போய்விடுகிறது, மீதி குளிர்ந்து சுருங்கும்போது தண்ணீர் உள்ளே வருகிறது. முக்கியமான காரணம் அதுதான். சுடர் அணையும்போதுகூட உள்ளே நிறைய ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. மறுநாள், "இத்தனை நாள் தப்பாகச் சொல்லிவிட்டேன், கண்டுபிடித்தது இவள்" என்று வகுப்பில் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் வந்த கேள்விகளே வேறு மாதிரி இருந்தன.

நீங்கள் தவறியதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அவளுக்கு முடிவுகள் மட்டும் கிடைத்திருக்கலாம். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும், அம்மா எங்கே தடுமாறினாள் என்பதை அவள் பார்க்கவில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவள் எதிரிலேயே தேடுங்கள். நீங்கள் சொன்னது தப்பாகிற நாள் வந்தால் மறைக்காதீர்கள்.

எமிலி ரோசா பற்றியும் சொல்லுங்கள். உடம்பைத் தொடாமலே கையை மேலே நகர்த்தி நோயாளியின் சக்தியை உணர்ந்து குணமாக்குவதாகச் சொன்னவர்களை, 9 வயதில் சோதித்த அமெரிக்கச் சிறுமி. அட்டைத் தடுப்பின் ஓட்டைகள் வழியே அவர்கள் இரண்டு கையையும் நீட்டவேண்டும். இவள் நாணயத்தைச் சுண்டி, விழுந்ததற்கு ஏற்ப ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்லவேண்டும். 21 பேர், 280 தடவை, சரியானது 123. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 140 வரும். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானபோது அவளுக்கு 11 வயது. "நீங்கள் சொல்வது பொய்" என்று வாதாடியா நிரூபித்தாள்? செய்து காட்டச் சொன்னாள், எண்ணினாள், அவ்வளவுதான்.

கைவிளக்கு:

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவள். மேலே சொன்னதெல்லாம் எனக்கும் சம்மதம். அந்தப் பிள்ளையிடம் உங்கள் மகள் தன் கருத்தை மாற்றிச் சொல்ல வேண்டாம், அழவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டால் போதும். ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு சிந்தனை, மனசாட்சி, சமயச் சுதந்திரம் பிள்ளைக்கே உண்டு என்கிறது. அது அந்தப் பிள்ளைக்கும் உண்டு, நாளை நம்மோடு உடன்படாத உங்கள் மகளுக்கும் என் மகனுக்கும் உண்டு.

மழலைத்தாய்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று அவளிடம் நேராகச் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். அப்பாவின் போட்டோவை வாங்கிக்கொண்டு போனவள், புருவம் தாத்தாவுடையது என்று முடிவுசெய்திருக்கிறாள். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

இன்று டம்ளர் சோதனை. ஒன்று, இரண்டு, மூன்று மெழுகுவர்த்தி வரை வைத்து, தண்ணீர் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டாள். நான்காவது மெழுகுவர்த்தி டம்ளருக்குள் அடங்கவில்லை. பெரிய பாத்திரம் வைத்தால் கோடு மேலே போகுமா, கீழே வருமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். கண்ணாடிப் பாத்திரம் தேடிக்கொண்டிருக்கிறோம்.