டூராக் 2008: விண்டோஸ் 11-ல் ஆடியவர்கள் இருக்கிறீர்களா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிசி கேம் ஆடுகிறவர்கள் கொஞ்சம் உதவுங்கள். 1997-ல் நிண்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்த டைனோசர் வேட்டை கேம் டூராக்கை 2008-ல் கதையையே மாற்றிப் புதிதாக எடுத்தார்களே, அதன் பிசி டிஸ்க் கிடைத்திருக்கிறது. முன்பு நண்பன் வீட்டு எக்ஸ்பாக்ஸ் 360-ல் ஆடியது.

கத்தியும் வில்லும்தான் இதில் அழகு. பதுங்கிப் போய் ராப்டர் டைனோசரையே கத்தியால் வீழ்த்தலாம். ஷாட்கன்னில் ஃப்ளேர் (எரியும் வெளிச்சக் குண்டு) சுட்டால் டைனோசர்கள் அதைத் தேடி ஓடி எதிரி வீரர்கள் மேல் பாயும். அந்த யோசனைக்காகவே எனக்கு இந்த கேம் அவ்வளவு பிடிக்கும். துப்பாக்கிச் சண்டை சுமார், கதை அதைவிடச் சுமார். செக்பாயிண்ட்கள் தள்ளித் தள்ளி இருப்பதுதான் பெரிய எரிச்சல். செத்தால் நீண்ட பகுதியைத் திரும்ப ஆட வேண்டும்.

விண்டோஸ் 11-ல் இது ஓடுமா? ஓட வைத்தவர்கள் என்ன செய்தீர்கள்?

அப்புறம் இன்னொன்று. லீவுக்குக் கானாடுகாத்தான் ஆயா வீட்டுக்கு அக்கா மகன் வருகிறான், 13 வயது, டைனோசர் என்றால் உயிர். இதற்கு அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல் என்று முத்திரை. கத்திக் குத்தெல்லாம் ஒரே ரத்தம். அவனுக்கு ஏற்ற வேறு டைனோசர் கேம் எது?