கிளைமாறு: விட்ச்சஸ் புரூமைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஆரிகனில் இருக்கும் தம்பி, தோட்டத்தில் ஃபிர் மரங்களை வளர்த்துச் சேகரிப்பவர்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்து மூன்று சொற்களில் நின்றுவிட்டார்: ஃபிர் என்ற ஊசியிலை மரம், கல்டிவார், மரத்தில் ஒரு கிளை மட்டும் குட்டையாகி அடர்ந்து திரள்வதைச் சொல்லும் விட்ச்சஸ் புரூம். நான்கு நாட்களாக வந்த மடல்களை எல்லாம் படித்தேன். முதல் இரண்டையும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது சொல்லை நான் விடுவதாக இல்லை.

ஃபிருக்குத் தேவதாரு என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். தமிழ் விவிலியத்தில் ஃபிர் வரும் இடங்களில் அந்தச் சொல்தான் இருக்கிறது, உண்மை. ஆனால் இமயத்துத் தேவதாரு செடார் (cedar) என்ற வேறு ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தது. எங்கள் பக்கத்துப் புதர்க்காடுகளில் தேவதாரு என்றால் செம்புளிச்சான் என்ற சிறு மரம். அதில் ஊசியிலையே கிடையாது. ஏற்கெனவே மூன்று மரங்கள் ஒரே பெயரில் நிற்கின்றன. நல்ல மாற்று நம் நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது. தாளிசபத்திரி என்று கேட்டு வாங்குகிறோமே, அது இமயமலை ஃபிரின் இலை. கடைகளில் வேறு இலைகளும் அந்தப் பெயரில் வருவதுண்டு. இருந்தாலும் ஏபீஸ் இனத்துக்கு (ஃபிரின் அறிவியல் பெயர் அது) இதைவிட நெருங்கிய சொல் நம்மிடம் இல்லை. ஆகவே என் வாக்கு தாளிசத்துக்கு. வேலூர் நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் விற்பது அரக்கேரியா, தாளிசம் அல்ல. தாளிசம் குளிர்காலத்தில் தூங்கி எழும் மரம்; நம் மே மாத வெயிலில் நிற்காது.

கல்டிவாருக்கு ரகம் போதும். அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் பெய்லி 1923இல் அந்த ஆங்கிலச் சொல்லை உருவாக்கினார். மனிதர் தேர்ந்தெடுத்து, அதன் குணம் மாறாமல் பெருக்கிக் காப்பாற்றும் செடி என்பதுதான் பொருள். பெங்களூரா, பங்கனப்பள்ளி என்று மாம்பழக் கடையில் நாம் சொல்வது அதைத்தான். பயிரிடுவகை, வளர்ப்பினம் என்றெல்லாம் புதிதாகச் செய்தால் குடியாத்தத்து மாந்தோப்புக்காரருக்கு நாம்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி மூன்றாவது.

போன வருடம் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். மாப்பிள்ளைக்கு இந்தப் பித்து உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் ஹூட் மலைக்குப் போகும் வழியில் வண்டியை ஓரம் கட்டி, "மாமா, மேலே பாருங்கள்" என்றார். நெடிய நோபிள் தாளிசம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே காக்கைக் கூடு போல ஏதோ தெரிந்தது. தொலைநோக்கியில் பார்த்தால் கூடு இல்லை, கிளை. விரல் நீளம் வளர வேண்டிய துளிர்கள் நகம் அளவு வளர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, ஒரு பந்தாகத் திரண்டிருந்தன. மற்ற கிளைகள் எல்லாம் வழக்கம்போல் நீண்டு கிடக்க, இது ஒன்று மட்டும் தனி வழியில் போயிருந்தது.

மொட்டு ஒன்றில் மரபணு மாற்றம் நேர்ந்தால் அதிலிருந்து வரும் கிளை முழுவதும் இப்படி ஆகும். அதிலிருந்து குச்சி வெட்டி, குளிர்காலத்தில் வேர்ச்செடியில் பக்கவாட்டில் ஒட்டுக் கட்டினால், குட்டைத்தனம் அப்படியே வரும். தோட்டங்களில் இருக்கும் குட்டைத் தாளிச ரகங்களில் பல இப்படிப் பிறந்தவை. மாப்பிள்ளை வீட்டுத் தோட்டத்தில் கொரியத் தாளிசத்தின் 'சில்பர்லாக்க' என்ற ரகம் இருக்கிறது. வெள்ளிச் சுருள் என்று பொருள். இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு அடிப்பக்கத்து வெண்மையைக் காட்டுகின்றன. அந்த ரகத்தின் மேல் வந்த இப்படி ஒரு பந்திலிருந்து ஜெர்மனியில் எடுத்ததுதான் 'கோஹூட்ஸ் ஐஸ்பிரேக்கர்'. அதுவும் அவரிடம் ஒரு சின்னத் தொட்டியில் உண்டு. என் உள்ளங்கையை அகல விரித்தால் அதற்குள் அடங்குகிற செடி. உறைபனி விழாத நாளிலும் பனி படிந்தது போலவே இருக்கும். ஓர் இலையைப் பிய்த்துப் பார்த்தேன். அடியில் சின்ன வட்டக் கிண்ணம் போலிருந்தது. தண்டில் வழவழப்பான வட்டத் தழும்பு விட்டு வந்தது. ஸ்ப்ரூஸ் என்ற இன்னோர் ஊசியிலை மரம் என்றால் அந்த இடத்தில் சொரசொரப்பான முளை நிற்கும் என்று மாப்பிள்ளை பக்கத்துச் செடியைத் தடவிக் காட்டினார்.

இதற்கு உங்களிடமிருந்து வந்த சொற்களைப் பார்ப்போம்.

> சூனியக்காரித் துடைப்பம் என்று நேராக மொழிபெயர்க்கலாம்.

ஜெர்மானியர் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். அவர்கள் ஊர்க் கதையில் சூனியக்காரி துடைப்பத்தில் ஏறிப் பறக்கிறாள். நம் ஊரில் பில்லி சூனியத்துக்கு எலுமிச்சம்பழமும் பொம்மையும் உண்டு, துடைப்பம் கிடையாது. நம் வீட்டில் துடைப்பம் லட்சுமி. காலில் பட்டால் தொட்டுக் கும்பிடுகிற பொருள். ஒரு சேகரிப்பாளர் பொன்போல் காக்கிற கிளைக்கு நம் மொழியில் இல்லாத ஒரு பயத்தை ஏன் ஏற்ற வேண்டும்?

> குருவிக்கூடு?

பார்வைக்குப் பொருந்துகிறது. ஆனால் "குருவிக்கூட்டிலிருந்து குச்சி வெட்டினார்" என்று எழுதினால் வாசகர் கூட்டைப் பிரித்துவிட்டார் என்று நினைப்பார். அடர்கொத்து என்றால் பூங்கொத்து நினைவுக்கு வருகிறது. மாவில் பூங்கொத்து கூடித் திரளும் நோய் வேறு இருக்கிறது, இரண்டும் குழம்பும்.

என் முன்மொழிவு: கிளைமாறு.

மாறு என்றால் துடைப்பம். எங்கள் பக்கம் பேச்சில் தொடப்பம்தான் என்றாலும் விளக்குமாறு தெரியாதவர் இல்லை. தென்னை ஈர்க்கைச் சேர்த்துக் கட்டினால் ஈர்க்குமாறு. சில வட்டாரங்களில் சீமாறு. அம்மா வாசலில் உட்கார்ந்து ஓலையிலிருந்து ஈர்க்கைக் கிழித்துக் கிழித்து மடியில் போட்டுக்கொள்வார். ஒரு பிடி சேர்ந்ததும் அடிப்பக்கத்தைத் தரையில் தட்டிச் சமப்படுத்தி, கயிற்றை இறுக்கிச் சுற்றுவார். ஒரே இடத்திலிருந்து கிளம்பி விரிகிற மெல்லிய குச்சிகளின் திரள், அதுதான் மாறு. மரத்தில் இருப்பதும் அதே வடிவம்.

இரண்டாவது பொருள்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கிளை மாறியிருக்கிறது. குணம் மாறிய கிளை துடைப்ப வடிவில் நிற்கிறது. வடிவம், காரணம் இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. ஆங்கிலச் சொல்லில் வடிவம் மட்டும்தான் இருக்கிறது.

கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து

— — —

மறுமடல்

கோவை அம்மாவுக்கும் சேலத்து ஐயாவுக்கும் நன்றி. இருவரும் சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

> மாறு என்பது ஏவல் வினை போல் ஒலிக்கிறது. "கிளை, மாறு!" என்று கட்டளையிடுவது போல.

அம்மா, விளக்குமாறு என்ற சொல்லையே பாருங்கள். "பாடத்தை விளக்குமாறு கேட்டார்" என்கிறோம், "விளக்குமாறு எங்கே?" என்றும் கேட்கிறோம். யாரும் தடுமாறுவதில்லை. தவிர, வேற்றுமை உருபு சேர்ந்ததும் ஐயமே இருக்காது. விளக்குமாற்றால் பெருக்குகிறோம். அதேபோல் கிளைமாற்றை வெட்டலாம், கிளைமாற்றிலிருந்து ஒட்டுக் கட்டலாம், கிளைமாறுகள் என்று பன்மையும் வரும். ஏவல் வினை உருபு ஏற்காது. கலைச்சொல்லுக்கு நான் வைக்கும் முதல் சோதனை இதுதான்: எட்டு வேற்றுமையிலும் வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். அடர்கிளைத்திரள் போன்ற சொற்கள் இங்கேதான் திணறுகின்றன.

> எல்லா விட்ச்சஸ் புரூமும் மரபணு மாற்றத்தால் வருவதில்லை. நோயால் வருவதும் உண்டு. அதற்கும் மாறு பொருந்துமா?

ஐயா, கேட்டது நல்லது. நேற்று நான் இதைத் தொடாமல் விட்டது என் பிழை. தாளிசத்தில் துரு நோய்ப் பூசணம் ஒன்று இதே போன்ற திரளை உண்டாக்கும். சிக்வீட் என்ற சிறு களைச்செடிதான் அதற்கு இன்னொரு வீடு. பூசணம் இரண்டுக்கும் இடையே போய் வரும். நோயால் வந்த திரளில் இலைகள் மஞ்சளாக இருக்கும், ஒவ்வொரு ஆண்டும் உதிர்ந்துவிடும். அந்தக் குச்சியை ஒட்டுக் கட்டிப் பயன் இல்லை, கூடவே நோயும் வரும். நிலக்கடலை போடுகிற வட ஆற்காட்டுக்காரருக்குத் துரு நோய் என்றாலே புரியும். எனவே அதைத் துருக்கிளைமாறு என்று பிரித்துச் சொல்லலாம். அடைமொழி இல்லாத கிளைமாறு பொதுச்சொல்லாக இருக்கட்டும். துடைப்பம் என்ற பொருள் இரண்டுக்கும் பொருந்துகிறது அல்லவா?

மொட்டில் நேர்ந்த மாற்றம்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். பைன் மரங்களில் கிளைமாற்றில் காய்த்த விதைகளை விதைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாற்றுகளில் ஏறக்குறைய பாதி குட்டையாகவும், மீதி சாதாரணமாகவும் வந்தன. மகரந்தம் சாதாரண மரத்திலிருந்து வருகிறது. குட்டைக் குணம் தாய்க்கிளையிலிருந்து பாதி விதைகளுக்கு இறங்குகிறது. நோயாக இருந்தால் இந்தக் கணக்கு வராது.

கத்தரிச் சிற்றிலை நோய், எள் பச்சைப்பூ நோய் இவற்றையும் கிளைமாற்றில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். அவற்றுக்கு உழவர்கள் வைத்த நல்ல பெயர்கள் இருக்கின்றன. அவற்றைத் தொட நமக்கு வேலை இல்லை.

தம்பி, நீங்கள் கேட்ட அளவுக் கணக்கு: அமெரிக்க ஊசியிலை மரச் சங்கத்தார் ஆண்டுக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவாக வளர்வதை மினியேச்சர் என்கிறார்கள், ஒன்று முதல் ஆறு அங்குலம் வரை என்றால் டுவார்ஃப். முன்னதற்குச் சிறுகுட்டை, பின்னதற்குக் குட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். குள்ளம் வேண்டாம், தென்னையில் குட்டை ரகம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்புறம், ரகப் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், மொழிபெயர்க்காதீர்கள். பொருளைப் பக்கத்தில் சொன்னால் போதும்.

கட்டுரையின் முதல் வரைவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். அப்பா மா ஒட்டுக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒட்டுக்குச்சி, வேர்ச்செடி வரும் பகுதியை வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து