உறைபனி விழும் தாழ்நிலத்தில் எந்த இலையுதிர் மரங்களை நடலாம்?

கேள்வி (முத்தோரை)
வணக்கம். நீலகிரியில் முத்தோரை அருகே, ஓடையை ஒட்டிய தாழ்வான நிலத்தில் வீடு கட்டியிருக்கிறோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பல விடியற்காலைகளில் புல்வெளி முழுவதும் வெளுத்துக் கிடக்கிறது. பனிக்காலத்தில் இலையுதிர்த்து வீட்டுக்குள் வெயிலை விடும் மரங்களும், வேலியோரத்துக்குப் புதர்ச் செடிகளும் வேண்டும். மைனஸ் 30 டிகிரியையும் தாங்கும் என்று குளிர்நாட்டுப் பட்டியல்கள் கூறும் மேப்பிள், பிர்ச் வகைகள் இங்கே எளிதாக வளர்ந்துவிடும் அல்லவா?

பதில் 1 (உதகை)
குளிரைத் தாங்கும், ஆனால் நம் ஊரில் சிக்கல் அது அன்று. குளிர்நாட்டு மரம் பனிக்காலத்தில் வளர்ச்சியை நிறுத்தி முழுமையாக உறங்கி எழுவதற்கு, 7 டிகிரிக்குக் கீழான குளிர் பல நூறு மணி நேரம் சேர வேண்டும். ஆப்பிள் வகைகள் பலவற்றுக்கு 800 மணி நேரத்துக்கு மேல் தேவை. இங்கோ இரவில் உறைபனி விழுந்தாலும் பகலில் நல்ல வெயில் அடிப்பதால், அத்தகைய மரம் அரைத்தூக்கத்தில் கிடந்து, ஒரு கிளை துளிர்க்க மறு கிளை மொட்டையாகவே நின்று, ஆண்டுக்கு ஆண்டு நலிகிறது. குறைந்த குளிரே போதும் வகைகளுக்கு வேறு ஆபத்து: அவை சீக்கிரம் விழித்துக்கொள்ளும். எங்கள் தோட்டத்தின் பள்ளத்தில் நின்ற பீச் மரம் ஜனவரியிலேயே பூத்து, ஒரே இரவில் பூவெல்லாம் கருகியதைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன். அதே வகை மரம் சரிவில் இருபதடி மேலே நன்றாகக் காய்த்தது. காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்காற்று தண்ணீரைப் போலச் சரிந்து பள்ளத்தில் தேங்குவதே காரணம். ஆகவே ஓடைக்கரையை விட்டு மேட்டுப்பகுதியில் நடுங்கள்.

மரங்களில் பேரிக்காய்க்கே முதலிடம் தருவேன். இந்த மலைக்குப் பழகிய மரம் அது. அடுத்தது பெர்சிமன் என்னும் பழமரம். அது தாமதமாகத் துளிர்ப்பதால் பின்பனியிலிருந்து தப்புவதோடு, உதிரும் முன் இலைகள் செம்மஞ்சளாக மாறுவது கண்கொள்ளாக் காட்சி. பிளம்ஸ் மூன்றாவதுதான். ஜூன் மழையில் நட்டால் முதல் பனிக்குள் வேர் பிடித்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் கன்றைக் காய்ந்த பெரணித் தழையால் மூடி வையுங்கள்.

பதில் 2 (கொடைக்கானல்)
வேலிக்கு மஞ்சள் பூவின் அழகை நம்பி ஸ்காட்ச் புரூமையோ, ஆரஞ்சு நிற செஸ்ட்ரத்தையோ தயவுசெய்து நட வேண்டாம். முன்னது புல்வெளிகளையும் பின்னது சோலைக்காடுகளின் ஓரங்களையும் விழுங்கிவிட்டன. இலை உதிராவிட்டாலும் ஊசிக்கலாவும் தவிட்டுப்பழச் செடியும் மலைக்கு உரியவை. அவற்றின் பழம் பறவைகளுக்கும் உணவாகும். இலையுதிர் புதர்தான் வேண்டுமென்றால் ஹைட்ராஞ்சியா வையுங்கள். நம் புளிப்பு மண்ணில் அது நீலமாகவே பூக்கும்.

கேட்டவர்
இருவருக்கும் மிக்க நன்றி. ஹைட்ராஞ்சியாவைப் பனிக்கு முன் கவாத்து செய்யலாமா?

பதில் 2
வேண்டாம். அடுத்த பருவத்துப் பூமொட்டுகள் பழைய தண்டின் நுனியிலேயே உருவாகிவிடும். காய்ந்த பூங்கொத்துகள் அவற்றுக்குப் போர்வையாக இருக்கட்டும். பனிக்காலம் முடிந்தபின் கொத்தை மட்டும், கீழுள்ள முதல் பருத்த மொட்டு இணைக்குச் சற்று மேலே நறுக்குங்கள்.